பிடித்த மீனை விடுவதற்குக் கூலி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஐந்நூறு டாலர் கொடுத்து நாள் முழுக்க மீன் பிடித்து, பிடித்ததை அங்கேயே தண்ணியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற டெக்சாஸ்காரர்களைப் பற்றி எழுதி, “இவனுகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று கேட்டிருந்தீர்கள். சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்பதற்கு முதலில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒருவன் உங்கள் பட்டாசுக் கடைக்கு வந்து ஆயிரக்கணக்கில் பேன்சி ரகம் வாங்குகிறான். இரண்டு நிமிஷத்தில் வானத்தில் விட்டுவிட்டு, அட்டைக்குழாயைக் கூட்டிப் பெருக்கி குப்பையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். அவனைப் பைத்தியம் என்று நீங்கள் சொன்னதே கிடையாது, வாடிக்கையாளர் என்றுதான் சொல்வீர்கள். ஆகவே காசைக் கரியாக்குவது குற்றம் என்ற வாதத்தை நாம் இரண்டு பேரும் இத்தோடு விட்டுவிடுவோம். மீனை விடுவதில் புத்தி இருக்கிறதா இல்லையா என்பது தனிக் கேள்வி. இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் புத்தி வெள்ளைக்காரன் மண்டையிலிருந்து வந்ததில்லை, அவன் ஏரித் தண்ணியிலிருந்து வந்தது.

தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டல்லாஸுக்குக் கிழக்கே லேக் ஃபோர்க் என்று ஒரு நீர்த்தேக்கம். 1980-ல் அணை கட்டித் தண்ணி தேக்க ஆரம்பித்தார்கள். பரப்பு சுமார் 27,000 ஏக்கர். அதில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன். பச்சை முதுகு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. வாயைத் திறந்தால் உங்கள் கை முஷ்டி தாராளமாக உள்ளே போகும். இதைப் பிடித்துக் காட்டுவதற்கென்றே அரசாங்க லைசென்ஸ் வாங்கிய வழிகாட்டிகள் இருக்கிறார்கள். விடியும் முன்பே படகை இறக்குவார்கள். அந்தப் படகின் இன்ஜின் நம்ம ஊர் டிராக்டரை வெட்கப்பட வைக்கும். தண்ணிக்கு அடியில் மீன் நிற்பதைத் திரையில் காட்டும் சோனார் கருவி உண்டு. தூண்டிலில் மண்புழு கிடையாது, ரப்பர் புழு. எட்டு மணி நேரம் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய மீன் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம், கூலி மட்டும் கட்டாயம், டிப்ஸ் தனி. மாட்டினால் அளப்பார்கள், நிறுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். கையைக் கேமராவை நோக்கி நன்றாக நீட்டினால் மீன் பெரிதாகத் தெரியும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. பிறகு தண்ணியில் விட்டுவிடுவார்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு அளவையும் போட்டோவையும் கொடுத்தால் ஃபைபரில் மீன் பொம்மை செய்து தரக் கம்பெனிகள் இருக்கின்றன. கொலு பொம்மை வைக்கிற நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

மீனை விடுவது அவர்கள் பரம்பரைப் பண்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1932 ஜூன் 2-ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம்ம கணக்கில் பத்துக் கிலோ. இன்றுவரை அதுதான் உலக சாதனை. பஞ்ச காலம், மனுசன் எடையைப் பதிவு செய்த கையோடு மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். விடுகிற வழக்கம் பரவியது நாற்பது வருஷம் கழித்து. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்பவர் பணப்பரிசு வைத்து பாஸ் பந்தயங்கள் நடத்தி வந்தார். பந்தயம் முடிந்ததும் செத்த மீன் குவியலைப் பார்த்து ஊர்க்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 1972-ல் அவர் மீனை உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவிட்டுத் திரும்ப விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இரக்கம் இருந்திருக்கலாம், ஏரியில் மீன் தீர்ந்தால் பந்தயமும் தீரும் என்ற கணக்கு நிச்சயம் இருந்தது.

அந்தக் கணக்கை லேக் ஃபோர்க்கில் பச்சையாகப் பார்க்கலாம். 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்குச் சிறியதைத் தின்னலாம். பெரியது நாளைக்கு ஒன்றே ஒன்று. குஞ்சு ஆயிரக்கணக்கில் பொரிக்கும், பொரியலுக்குப் போனால் நஷ்டமில்லை. ஆனால் 13 பவுண்டு தொடுகிற மீன் அநேகமாக எல்லாமே பெட்டை. அந்த எடைக்கு வர எட்டு, பத்து வருஷம் ஆகும். 1986-ல் டெக்சாஸ் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: 13 பவுண்டுக்கு மேல் பிடித்தவர் கடனாகக் கொடுத்தால், அதை முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுவார்கள். முதலில் வந்தது அதே ஏரியில் மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி பிடித்த 17.67 பவுண்டு மீன். அதற்கு எதெல் என்று பெயர் வைத்து, ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தொட்டியில் வைத்தார்கள். 1994-ல் அது இறந்தபோது அஞ்சலிக் கூட்டமே நடந்தது. விருதுநகராக இருந்தால் பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸும் வைத்திருப்போம். சிரிக்கலாம்; ஆனால் அந்த மீன் குழம்பானால் ஒரு வேளை, தண்ணியில் இருந்தால் வழிகாட்டி, படகுக்காரன், லாட்ஜ்காரன், டீக்கடைக்காரன் எல்லோருக்கும் வருஷக்கணக்கில் வருமானம்.

அப்படியானால் நம்ம ஆட்கள் முட்டாள்களா என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கிடையாது அண்ணாச்சி. நம்ம கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, கோடையில் வெடிப்பு விடும். பத்து வருஷம் வளர வேண்டிய மீனுக்குப் பத்து மாதம்கூடத் தண்ணி நிற்பதில்லை. அங்கே மீனை விடுவது கொக்குக்குக் கொடுப்பதுதான். மீன்பாசி ஏலம் எடுத்த குத்தகைக்காரர் வற்றுமுன் அரித்து எடுப்பதும், மதுரை, சிவகங்கைப் பக்கம் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாகக் கண்மாய்க்குள் இறங்கி ஆளுக்குக் கிடைத்ததைக் குழம்புக்குக் கொண்டுபோவதும், வற்றுகிற தண்ணிக்கு ஏற்ற புத்தி. டெக்சாஸ்காரர்கள் செய்வது வற்றாத தண்ணிக்கு ஏற்ற புத்தி. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால்தான் பைத்தியக்காரத்தனம்.

தின்னவும் போவதில்லை, பிறகு எதற்கு முள்ளைக் குத்தி இழுக்க வேண்டும், அது பாவமில்லையா என்று அக்கா கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீனுக்கு அது விளையாட்டு இல்லை. தொண்டை வரை முள் இறங்கினால், வெயில் காலத்தில் நெடுநேரம் வெளியே வைத்திருந்தால், விட்ட மீனிலும் சில சாகும். எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் விடுவதா தின்பதா என்று மீனிடம் வாக்கெடுப்பு நடத்தினால் முடிவு என்ன வரும் என்பதில் சந்தேகமும் கிடையாது. பணக்காரன் விளையாட்டு என்று ஒதுக்குவதற்கும் காவிரியில் ஒரு பதில் இருக்கிறது. 1946-ல் காவிரியில் வந்து சேரும் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீர் மீன் 120 பவுண்டு, ஐம்பது கிலோவுக்கு மேல். பின்னாளில் காவிரியில் வெடி போட்டு மீன் எடுக்கிற பழக்கம் பெருகியது (உங்கள் ஊர்ச் சரக்கு என்று நான் சொல்லவில்லை). கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் பிடித்து விடும் முறையைக் கொண்டுவந்து, திருட்டு மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஆற்றின் எந்த மடுவில் எந்த மாதம் மீன் நிற்கும் என்ற அவர்கள் அறிவுக்கு அப்போதுதான் கூலி கிடைத்தது. 2010-க்குப் பிறகு, அந்த முகாம்கள் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று அதுவும் நின்றுபோனது. அந்த ஆற்றின் திமில் மஹசீர் 2018 முதல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இதைப் படித்ததும் வெம்பக்கோட்டை அணையிலோ பிளவக்கல்லிலோ பாஸ் குஞ்சு விட்டு, டாலர் அள்ளலாம் என்று உங்களுக்கு ஒரு யோசனை வரும். உங்களை எனக்குத் தெரியும். வேண்டாம். குட்டி ஜப்பானில் இருக்கும் உங்களுக்கு அசல் ஜப்பான் சேதி சொல்கிறேன். 1925-ல் அவர்கள் இந்த மீனை ஆசையாகக் கொண்டுவந்தார்கள். 2009-ல் பிவா ஏரியில் குரிதா என்பவர் பெர்ரியின் சாதனையைச் சமன் செய்கிற அளவுக்கு அது கொழுத்தது, உள்ளூர் மீன்களைத் தின்றுதான். அந்த ஏரியில் 2003 முதல் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதுதான் தடை. அமெரிக்காவிலும் இதே கதை, ஆள் மட்டும் மாறி: நம்ம விராலின் சீனத்து உறவுக்காரன் 2002-ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் தென்பட்டதும், குளத்துக்கே மருந்து ஊற்றிக் கொன்றார்கள். அந்த வருஷமே விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கு நாம் தேடிப்போய் வாங்கிக் கொடுக்கிற மீன் இங்கே குற்றவாளி. பாஸ் நம்ம கண்மாய்க்கு வந்தால் விரால் குஞ்சைத்தான் முதலில் தின்னும். ஏற்கெனவே ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் செய்கிற அட்டகாசம் போதாதா?

அக்காவுக்கு வணக்கம் சொல்லுங்கள். பதில் போடுங்கள்.

அன்புடன்,
டல்லாஸ் தம்பி