பாசிக்குக் குடவோலை இல்லை

கருங்கல்லில் பாசி பிடிக்க ஈரமும் வெளிச்சமும் இருந்தால் போதும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு (921), ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் (குடத்தில் இட்டு எடுக்கும் பெயர் ஓலை) பெயர் எழுதவே ஏகப்பட்ட தகுதி கேட்கிறது: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே கிடையாது. அப்படி வந்த வாரியத்துக்கும் பதவி 360 நாள்தான். பாசிக்கு ஒரு மழைக்காலம் போதும்; ஏறினால் இறங்குவதில்லை.

கருங்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது. ஆனால் உளி பட்ட பள்ளத்தில் ஈரமும் தூசியும் தங்கும். ஐப்பசி அடைமழையில் பச்சையாக இருந்தது பங்குனி வெயிலில் கறுத்துவிடும். செத்தது என்று நிம்மதி அடைய வேண்டாம், தூக்கம்தான்.

பூஞ்சை வேறு ரகம். அதற்கு வெயில் வேண்டாம், சாப்பாடு வேண்டும். விளக்கில் வழியும் எண்ணெய், அபிஷேகப் பால், புறா எச்சம் எல்லாம் அதற்கு ஆகும். நெற்றிக்குப் போக மிச்சமான குங்குமத்தையும் எண்ணெய்க் கையையும் பக்தர்கள் தூணில் துடைப்பது, பூஞ்சைக்கு நித்திய அன்னதானம்.

சுத்தம் செய்ய வருபவர் முதலில் தேடுவது கம்பி பிரஷ்ஷை. பாசியோடு எழுத்தின் விளிம்பும் போகும். உதிர்ந்த இரும்புத்தூள் துருப்பிடித்துப் புதுக் கறை தரும். மணலைப் பீய்ச்சும் சேண்ட் பிளாஸ்டிங், தமிழகக் கோயில்களில் பல கல்வெட்டுகளை மழுங்கடித்த பிறகே தடை செய்யப்பட்டது. தொல்லியல் துறை வேதியியலாளர்கள் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துப் பொறுமையாகத் தேய்ப்பார்கள்.

தேய்ப்பதைவிட வரவிடாமல் தடுப்பதே மேல். தளத்து விரிசலை அடைப்பது, தூம்பில் சேரும் சருகை எடுப்பது, இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதிலேயே பிடுங்குவது, சுவரோரம் நீர் தேங்காமல் வாட்டம் வைப்பது. உத்திரமேரூரின் பழைய சபையில் பொன் வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் இருந்தன. நீர் தேங்காமல் பார்க்கும் இந்தப் பொறுப்பை, நீரைக் கவனித்த ஏரி வாரியத்திடம்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதேதான். சமையல் மேடை கிரானைட்டை இரவில் ஈரம் போகத் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. மார்பிளில் எலுமிச்சை, வினிகர் படக்கூடாது, கல்லையே அரித்துவிடும். சீலர் பூசுமுன் கல் நன்றாக உலர வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். கிணற்றடித் துவைக்கிற கல்லை வெயிலுக்கு நகர்த்திச் சற்றே சாய்த்து வைத்தால் பாசி பிடித்து வழுக்காது. அதை நகர்த்த நாலு ஆளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.