லாம்டாவைத் தேடிப் போன பேராண்டிக்கு

வாடா பேராண்டி! சென்னையில எம்.ஏ. பொருளாதாரமாம், நுண்ணினப் பொருளியலாம், அதையும் கணக்கு வழியிலயாம். உங்கம்மா சொல்லி நம்ம தென்னேரி ஊரு பூராவும் தெரிஞ்சுபோச்சு. பரீட்சையில தப்பிக்க வழி சொல்றேன், கேட்டுக்கோ.

எதையும் புரிஞ்சுக்காதே. புரிஞ்சுக்க நேரம் ஆகும். கேள்வியைப் பார்த்ததும் லக்ராஞ்சி முறையைக் கூப்பிடு, மூணு தடவை வகையீடு எடு, பூஜ்யத்துக்குச் சமம்னு போடு, விடைக்கு அடியில ரெட்டைக் கோடு கிழி. நடுவுல வர்ற லாம்டா யாருன்னு கேட்டா, ‘அது தானா அடிபட்டுப் போயிடும் தாத்தா’ன்னு சொல்லு. நேத்து என்கிட்ட அப்படித்தானே சொன்னே?

நீ போட்டுக் காட்டின கணக்கையே எடுத்துக்க. கையில 60 ரூபா. டீ 15, வடை 10. டீயையும் வடையையும் பெருக்கினா என் திருப்தியாம். விடை 2 டீ, 3 வடை, திருப்தி 6. லாம்டா 0.2. இன்னும் ஒரு ரூபா கிடைச்சா திருப்தி எவ்வளவு ஏறும்னு சொல்றவன்தான்டா அந்த லாம்டா. 61 ரூபாய்க்கு 2.03 டீ, 3.05 வடை. அந்த 0.05 வடையை நம்ம டீக்கடையில கேட்டுப் பாரு, கரண்டியால பதில் வரும். 600 ரூபா கொடுத்தா 30 வடை தின்னுட்டு நான் இன்னமும் கேப்பேனாம். உன் கணக்குக்கு வயிறே கிடையாது போல.

லாம்டாவை நேர்ல பார்க்கணுமா? நவரை நெல்லு கதிர் பிடிக்கிற சமயம், ஏரி வத்த ஆரம்பிச்சதும் கடைமடைக்குப் போ. இன்னும் ஒரு தண்ணி கிடைச்சா பயிர் பிழைக்கும்னு நிக்கிறான் பாரு, அந்த ஒரு தண்ணிக்கு அவன் எவ்வளவு கொடுக்கத் துணிவானோ அதான். நிழல் விலைன்னு உங்க புத்தகம் பேரு வச்சிருக்கு. மதகடியில நிலம் வச்சிருக்கிறவனுக்கோ தண்ணி மிஞ்சிக் கிடக்கு. அவன் லாம்டா பூஜ்யம். அதனாலதான் ஊர்க் கூட்டத்துல அவன் மட்டும் நிம்மதியாத் தூங்குறான்.

கணக்கே வேணாம்னு சொல்ல வரலை. ஆல்ஃபிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜ் கணக்குப் பரீட்சையில ரெண்டாவதா வந்த ஆளுன்னு நீதானே சொன்னே? அவரே 1890-ல போட்ட பொருளாதாரப் புத்தகத்துல கணக்கை எல்லாம் பின்னால ஒதுக்கி வச்சாரு. 1906-ல பௌலிங்கிற புள்ளியியல் அறிஞருக்கு எழுதின கடுதாசியில, கணக்கைப் போடு, பேச்சு மொழியில சொல்லு, வாழ்க்கையில உதாரணம் காட்டு, அப்புறம் கணக்கை எரிச்சுடுங்கிற மாதிரி எழுதினாராம். நீ என்னடான்னா எரிக்கிறதுக்கு முந்தின ரெண்டையும் விட்டுட்டு, செமஸ்டர் முடிஞ்சதும் நோட்டை மட்டும் எரிக்கிறே.

அந்த உதாரணத்தை நேர்ல தேடினவரும் உண்டு. உங்க சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-ல கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தாரு. பசங்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வரவு செலவு கேட்டு எழுதச் சொன்னாரு. நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற தூசி கிராமமும் அதுல ஒண்ணு. 1918-ல புத்தகமா வந்துச்சு. தூசி ஆளுங்க எவ்வளவு உண்மை சொன்னாங்களோ, அது வேற விஷயம். நிலம் எவ்வளவுன்னு புதுசா வந்தவன் கேட்டா நம்ம பக்கத்துல யாரு ஒழுங்கா சொல்லுவா?

சரி, ஊருக்கு வந்ததுக்கு ஒரு கணக்கு தர்றேன். உங்க அத்தை வீட்டுத் தறியில கோர்வைச் சேலை ஓடுது. உடலுக்கு ஒரு நிறம், ரெண்டு பக்கக் கரைக்கும் வேற நிறம், மூணு நாடா. மாமா நடுவுல நெய்யிறாரு, அத்தை பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ளுது. ஒருத்தர் எழுந்தா தறி நின்னுபோச்சு. இன்னொரு ஆளைக் கூட்டி வந்து உக்கார வச்சாலும் ஒரு முழம் கூட ஓடாது. உங்க சம உற்பத்திக் கோட்டுப் படத்துல அது ‘எல்’ எழுத்து மாதிரி மடங்கும். அந்த மூலையில வகையீடு எடுக்க முடியாதுல்ல? கூலி சேலைக்கு இவ்வளவுன்னு மாமா கையில வருது. அதுல அத்தை பங்கு எவ்வளவுன்னு போட்டுச் சொல்லு.

அவங்க வீட்டுலயே விடை சொல்றதா இருந்தா, முதல்ல சாப்பிட்டுடு.