மீனை உறைய வைத்த இயந்திரம்

ஃபின்மார்க்கில் மீன் வெட்டிய தமிழருக்குக் கொம்பிரசரின் இரைச்சலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களில் நோர்வேக்கு வந்த எங்களில் பலர் முதலில் விடுதிப் பள்ளிகளில் தங்கி மொழி படித்தோம். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது வடக்குக் கரையில். வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹம்மர்ஃபெஸ்ட் என்று நாட்டின் உச்சந்தலையில் இருக்கும் ஊர்கள். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்பி வரும்.

வெட்டிய கொட் மீன் துண்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, உறைய வைக்கும் தட்டுகளுக்கிடையே தள்ளுவது என் வேலை. மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டும் நெருங்கி அழுத்தும். சில மணி நேரத்தில் பெட்டி கல்லாகிவிடும். கையுறை ஈரமாக இருந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் நூல் பிரிந்து வரும். பின்னால் இயந்திர அறை. அதன் கதவைத் திறந்தாலே மூக்கில் ஏறும் அமோனியா நெடி. மெசின் பார்த்த நோர்வேக்காரர் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு குழாய்க்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகச் சொன்னார். அனல் அடித்தது. மீனிலிருந்து எடுத்த சூடு இதுதான் என்றார்.

அமோனியா சைபருக்குக் கீழே 33 பாகையிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு அதற்குச் சூடு வேண்டும். அதை மீனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஆவியான அமோனியாவைக் கொம்பிரசர் நெருக்கிப் பிழியும்போது அது கொதிகொதியென்று சூடாகும். அந்தச் சூட்டை எங்கேயாவது கொட்ட வேண்டும். எங்கள் தொழிற்சாலை அதைக் கடல் தண்ணீரில் கொட்டியது. இரவு பகலாக அவ்வளவு சூடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் நாங்கள் தங்கியிருந்த மரவீட்டில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கமும் பனி படர்ந்திருந்தது. யன்னலுக்குக் கீழே ஒரேயொரு மின் சூடாக்கி. அதைச் சுற்றி உட்கார்ந்துதான் ஊருக்குக் கடிதம் எழுதினோம்.

இன்று ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், குரூருடாலனில் இருக்கிறேன். வரிசை வீடு. வரவேற்பறைச் சுவரில் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, வெளிச்சுவரோரம் விசிறி வைத்த இன்னொரு பெட்டி. வெப்பப் பம்பி. அன்று மீனை உறைய வைத்த அதே வித்தைதான். அன்று எங்களை நடுங்க வைத்ததே இன்று வயதான காலத்தில் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்று வயதானவர்கள் என்னிடம் கேட்பார்கள். வெளியே பத்துப் பாகை மைனஸ், அதிலிருந்து எப்படித் தம்பி சூடு வரும் என்பார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கிணற்றைத்தான் காட்டுவேன். இறைக்கும் மெசின் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றில் கிடக்கும் தண்ணீரை மேலே தூக்கித் தருகிறது. மண்ணெண்ணெய் செலவாவது தூக்குவதற்கு மட்டும். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அதில் சூடு கிடக்கிறது. பம்பி அதை வீட்டுக்குள் தூக்கிவிடுகிறது. மாரியில் கிணறு நிரம்பியிருந்தால் இறைப்பு இலேசு, கோடையில் தண்ணீர் அடிக்குப் போனால் எண்ணெய் கூடக் குடிக்கும். இதுவும் அப்படித்தான். வெளியே ஏழு பாகை இருந்தால் நல்ல பம்பி ஒரு அலகு மின்சாரத்துக்கு நாலு அலகு வரை சூடு தரும். மைனஸ் 15க்குப் போனால் அது இரண்டை ஒட்டி இறங்கிவிடும். அப்போதும் வெறும் மின் சூடாக்கியைவிட லாபம்தான், அதில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

வித்தை புதிதல்ல. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தொம்சன் 1852இலேயே இதை எழுதிவைத்தார். சூரிச் நகர மண்டபத்தை 1938இல் ஆற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டால் சூடாக்கினார்கள். நோர்வேயில் வீட்டுக்கு வீடு இது வரக் காரணம் மின்கட்டணம். இந்த நாட்டு மின்சாரம் பெரும்பாலும் அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருவது; மலிவாகக் கிடைத்ததால் வீடுகளையும் அதனாலேயே சூடாக்கினார்கள். 2002 இலையுதிர்காலத்தில் மழை பொய்த்தது, அணைகளில் தண்ணீர் குறைந்தது, அந்தக் குளிர்காலத்துக் கட்டணம் எகிறியது. அடுத்த ஆண்டு வெப்பப் பம்பி வாங்க அரசு உதவிப்பணம் கொடுத்தது. அன்றிலிருந்து சுவருக்குச் சுவர் பெட்டிதான்.

பம்பி வருமுன் எங்கள் வீட்டில் எரித்தது மண்ணெண்ணெய். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்காது. வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் பரஃபின், அதாவது மண்ணெண்ணெய், அடுப்பு இருந்தது. குமிழைத் திருகினால் போதும், நீலச் சுவாலை எழும்பி இரவு முழுக்க எரியும். அதே காலத்தில், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கண்ணில் படாத பொருள். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துச் சொட்டுச் சொட்டாக எரித்து அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இறைக்க எண்ணெய் இல்லாமல் தோட்டக்காரர்கள் துலாவுக்குத் திரும்பினார்கள். அம்மாவின் கடிதம் வரும்போது ஒரு போத்தல் எண்ணெய் என்ன விலை என்று அதில் இருக்கும். அதை அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் வாசித்தேன். 2020 ஜனவரி முதல் நோர்வேயில் வீடுகளை எண்ணெயாலோ பரஃபினாலோ சூடாக்கத் தடை. அந்தச் சட்டம் வந்தபோது ஊரில் அந்த எண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

அன்றைய விறகடுப்புகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பேர்ச் விறகை வசந்தத்திலேயே பிளந்து அடுக்கிக் காயவிட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், புகைபோக்கி துடைக்க நகரசபை ஆள் வருவார். கவனிக்காவிட்டால் அணைந்துவிடும், அதனால் எல்லோரும் கவனித்தோம். வெப்பப் பம்பி அப்படியில்லை. கவனிக்காவிட்டாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். சூடு குறையும், கட்டணம் ஏறும், வாய் திறந்து ஒன்றும் சொல்லாது.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா தனியாக இருக்கிறா. பிள்ளைகள் வேறு நகரத்தில். போன குளிர்காலத்தில் வழியில் மறித்துச் சொன்னா:

“தம்பி, உந்தப் பெட்டி சூட்டுக் காத்தே விடுதில்லை. கரண்ட் காசு மட்டும் ஏறுது. பிள்ளையள் காசைக் கொண்டுபோய்க் கொட்டினது வீண்.”

“அக்கா, அதின்ர வலையைக் கடைசியா எப்ப கழுவினியள்?”

“எந்த வலை?”

போய்ப் பார்த்தேன். முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் மேலே நிற்கும். உள்ளே இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் வலைகள். வெளியே இழுத்தபோது வலை தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துணி மாதிரித் தூசு படிந்து கிடந்தது. கையில் பிசுபிசுத்தது. எங்கள் சமையல் அப்படி. தாளிப்பதும் பொரிப்பதும் குசினியோடு நிற்பதில்லை, எண்ணெய்ப் புகை பம்பியின் வாய்க்கே போய்த் தூசைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். முதலில் தூசு உறிஞ்சியால் இழுத்துவிட்டு, குளியலறையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்தோம். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் அழுக்கு நின்றது. சூடாக்கியின் மேல் வைத்துக் காயவைக்கக் கூடாது, வலை நெளிந்துவிடும்; துவாயில் ஒற்றி நிழலில் விட வேண்டும். காய்ந்ததும் மாட்டி இயக்கினோம். அக்கா கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தா. “இப்பதான் அண்டைக்கு வந்த மாதிரி வருது” என்றா.

காரணம் இலகுவானது. பம்பியின் சூடு காற்றோடுதான் அறைக்குள் வர வேண்டும். வலை அடைத்தால் காற்று இல்லை; சூடு உள்ளேயே தேங்கும்; கொம்பிரசர் அதிகம் பாடுபடும். சாதாரண வீட்டில் மாதம் ஒரு தரம், எங்கள் சமையல் நடக்கும் வீட்டில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வலையைப் பார்ப்பது நல்லது. கால் மணி நேர வேலை.

இயக்குவதிலும் தவறான பழக்கங்கள் நிறையக் காண்கிறேன். விசிறிச் சத்தத்துக்குப் பயந்து அதை அடிமட்டத்தில் வைக்கிறார்கள். காற்றோட்டம் கூடினால்தான் பம்பிக்கு வேலை இலகு. காற்றுத் தட்டை மேல்நோக்கி வைக்கிறார்கள். சூடு தானாகவே மேலே போகும், நிலத்தை நோக்கி விட வேண்டும். இரவில் நிறுத்தி விடியப் போடுகிறார்கள். நாளின் மிகக் குளிரான நேரத்தில், பம்பியின் வலு மிகக் குறைந்த நேரத்தில், ஆறிப்போன வீட்டை இழுத்துச் சூடாக்கச் சொல்வது அது. ஒரே அளவில் விடுங்கள், ஒன்றிரண்டு பாகை குறைத்தால் போதும். றிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி நிலையில் விட்டால் வசந்தகாலத்து வெயிலில் அது வீட்டைக் குளிராக்கத் தொடங்கிவிடும். தண்ணீர்த் துளிப் படம் ஈரத்தை உறிஞ்சுவதற்கு, அதிலும் அறை குளிரும்.

வெளிப்பெட்டி பலரைப் பயப்படுத்துகிறது. சைபரை ஒட்டிய ஈரக் குளிரில் அதன் தகடுகளில் பனி பிடிக்கும். இயந்திரம் அதைத் தானே உணர்ந்து, உள்ளே வரும் சூட்டைக் கொஞ்ச நேரம் திருப்பி வெளிப்பெட்டிக்கு அனுப்பிப் பனியை உருக்கும். அப்போது வீட்டுக்குள் விசிறி நிற்கும், உஸ் என்று ஒரு சத்தம், வெளியே வெள்ளையாக ஆவி கிளம்பும். நெருப்பென்று நினைத்து எனக்குப் போன் அடித்தவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, சில நிமிடத்தில் சூடு திரும்பும். ஆனால் உருகிய தண்ணீர் கீழே விழுந்து திரும்ப உறையும். அடியில் பனிக்கட்டி வளர்ந்து பெட்டியின் வயிற்றைத் தொட்டால் விசிறி உடையும். அதனால் பெட்டியை உயரமான தாங்கியில் வைக்க வேண்டும், சுற்றிவரப் பனியை வழித்துவிட வேண்டும், அழகுக்காக நெருக்கமான மரக்கூடு கட்டக் கூடாது. தகடுகளில் பிடித்த பனியைக் கத்தியாலோ அலவாங்காலோ கொத்தவே கொத்தாதீர்கள். அந்தத் தகடுகள் கடதாசி கனம். பின்னாலேயே வாயுக் குழாய். இளவேனிலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேர்ச் விதையும் இலையும் அகற்றி, தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் தொழில்நுட்பாளரைக் கூப்பிட்டுப் பார்க்க வையுங்கள். அந்த வாயுவைத் தொட இங்கே சான்றிதழ் வேண்டும், மலிவுக்கு யாரையும் விடக் கூடாது. இப்போதைய பல பம்பிகளில் உள்ள ஆர்32 வாயு, கரியமில வாயுவைப் போல 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. இன்னொன்று: அந்த வாயு எரிந்து தீர்ந்துபோகிற பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எனக்குத் தெரிந்த ஒரு வயதான தம்பதியிடம் ஆண்டுக்கு ஆண்டு வாயு முடிந்துவிட்டது என்று நிரப்பிக் காசு வாங்கியிருக்கிறார்கள். வாயு குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கைத் தேடிப் பிடித்து அடைக்காமல் நிரப்புவது ஏமாற்று.

வீட்டில் விறகடுப்பு இருந்தால் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கரண்ட் போனால் பம்பியும் போய்விடும். வெளியுதவி இல்லாமல் ஒரு கிழமை சமாளிக்கத் தயாராக இருங்கள் என்று 2024இல் நோர்வே அரசே வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறது. எங்கள் யோத்துல் விறகடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு சாக்கு விறகு இருக்கும்.

வடக்கே மீன் வெட்டிய தலைமுறைக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. கையில் விறைப்பும் தோளில் வலியும் அந்த வேலை தந்தவை. குளிரான வீட்டில் அவர்கள் இனி இருக்கக் கூடாது. பிள்ளைகளே, பம்பி வாங்கிக் கொடுத்தது பெரிய காரியம்தான். இந்தக் குளிர்காலம் வீட்டுக்குப் போகும்போது சாப்பிட உட்காரும் முன் அந்த மூடியைத் திறந்து பாருங்கள். வலையைக் கழுவுங்கள், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் நிற்கவைத்து அவர்கள் கையாலேயே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஏணியில் ஏற ஏலாதவர்கள் என்றால் அந்த வேலையை மாதம் ஒருக்கால் நீங்களே பொறுப்பெடுங்கள். றிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.