ஏழரை வேகம்

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கார்கள் வரிசை கட்டும். அருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா முடித்து, அப்படியே இலத்தூர்ப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி வயல் வரப்பில் செல்ஃபி எடுப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்: “இங்க வாழ்க்கை எவ்வளவு நிதானமா ஓடுது!”

ஓடவில்லை ஐயா. நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

1986-ல் ரோமாபுரியில் மெக்டொனால்டு கடை திறக்கப் போக, கார்லோ பெட்ரினி கூட்டத்தார் கிளர்ந்தெழுந்து ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் கண்டார்கள். வேகம் வாசலுக்கு வந்தது, வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் உரிமை. நிதானம் வேண்டுமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம்தான், பஸ் வருகிற அன்றைக்கு. வராத அன்றைக்கு ஷேர் ஆட்டோவுக்கு அழுகிற காசும் பிடிபடுகிற அரைநாள் கூலியும் எந்த நிதானக் கணக்கில் சேர்த்தி?

எங்கள் இலத்தூரில் சனீஸ்வரனுக்குப் பேர்பெற்ற சன்னதி உண்டு. ஒரு ராசியைத் தாண்ட இரண்டரை வருஷம் எடுப்பவர். அவரையும் காக்க வைத்தது ரயில்வே. 1904-லிருந்து ஓடிய கொல்லம் பாதையில், செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதியை அகலப்படுத்துகிறோம் என்று 2010 செப்டம்பரில் மூடினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2018 மார்ச்சில். நாற்பத்தொன்பது கிலோமீட்டருக்கு ஏழரை வருஷம்! பரிகாரத்துக்கு எள் விளக்கு ஏற்றியிருந்தால் முன்னாலேயே முடிந்திருக்குமோ என்னவோ.

பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் இணைப்பு தருவோம் என்று 2021-ல் அரசு அறிவித்தபோது, எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க நாலரை லட்சம் பேர். தட்கலில் ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு இரண்டரை லட்ச ரூபாய் கட்டினால், இல்லை என்ற கம்பமும் கம்பியும் எங்கிருந்தோ முளைக்கும். நிதானம் பணமில்லாதவனுக்கு மட்டும் என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்துவிடலாம்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதுவரை கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க நெல்லை கொக்கிரகுளம் போக வேண்டும். கடையநல்லூர்ப் பக்கத்துக் காசிதர்மத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி அப்படித்தான் போனார். கந்துவட்டிக்காரர்களிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று மனுமேல் மனு கொடுத்தார். மனு கலெக்டர் அலுவலகத்திலிருந்து போலீஸுக்குப் போனது, வேறெதுவும் நடக்கவில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். மனைவியோடும் இரண்டு பச்சைப் பெண்குழந்தைகளோடும் அந்த அலுவலக வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டார். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அரசாங்கத்துக்கு வேகமே தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சாவுகளுக்காக முதலமைச்சரையும் கலெக்டரையும் கமிஷனரையும் கேலிச்சித்திரமாக வரைந்தார் கார்ட்டூனிஸ்ட் பாலா. கலெக்டரே புகார் கொடுத்தார். நெல்லை போலீஸ் சென்னை வரைக்கும் போய், நவம்பர் 5-ஆம் தேதி அவரைக் கைது செய்து கொண்டுவந்தது. தீ வைத்துக்கொண்ட நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள்.