சும்மா ஒருவாட்டி ஒதைச்சுப் பாரு

போன வாரம் என் மச்சான் என்னுடைய ஸ்ப்ளெண்டரைப் பழவேற்காடு ஏரிக்குள் இறக்கினான். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவன் என் மனைவியின் தம்பி. வருத்தப்படும் உரிமை எனக்குக் கல்யாணத்தன்றே போய்விட்டது. பாலம் இறங்கி லைட்ஹவுஸ் குப்பம் வருகிற வழியில் மாடு ஒன்று படுத்திருந்ததாம். அதற்கு வழிவிட்டான். மாட்டுக்கு வழிவிட்டதில் வண்டிக்கு வழி இல்லாமல் போய்விட்டது. இவன் கரையிலேயே குதித்துக்கொண்டான், வண்டி மட்டும் போயிற்று. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. மாடு எழுந்திருக்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்கப்புறம் கரையில் கூடினவர்கள் மேல்தான். அது இன்னும் தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் விழுந்த வண்டியைக் காப்பாற்றுவது எப்படி என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இங்கே சொல்லிவிடப் போகிறேன். நாளைக்கு உங்களுக்கும் ஒரு மச்சான் வாய்க்கலாம்.

முதல் வேலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் இருப்பது. பண்ணவே கூடாது.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிக்கொண்டே கிக்கரை உதைப்பார்கள். வண்டியை ஃபைபர் போட்டில் ஏற்றி மீன் ஏலம் விடுகிற இடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹேண்டில்பாரில் பாசி, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர், சைலன்சரிலிருந்து ஏரி ஒழுகிக்கொண்டிருக்கிறது. பார்த்த முதல் ஆள் என்ன சொன்னான்? "சும்மா ஒருவாட்டி ஒதைச்சுப் பாரு."

அந்தச் 'சும்மா'வை ஆராய எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஆட்களை வகை பிரித்து வைத்திருக்கிறேன். முதல் வகை, யோசனை மட்டும் சொல்கிறவர். இவர் சாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒருவாட்டி பாத்துடலாமே" என்று பொதுவாக ஏரியைப் பார்த்துச் சொல்வார். அடுத்தவர் கேட்காமலே ஏறி உட்காருகிறவர். வண்டி ஓனர் யார் என்பது இவருக்கு அநாவசியம். லுங்கியை மடித்துக் கட்டினார் என்றால் உதைக்கப் போகிறார் என்று அர்த்தம். நாம் ஓடிப் போய்க் காலைப் பிடிக்க வேண்டும். காலைப் பிடித்தால் ஆசீர்வாதம் பண்ணுகிற வயசுக்காரராகவும் இருப்பார், அதனால் சட்டென்று கோபித்துக்கொள்ளவும் முடியாது. மூன்றாமவர் சோக் பிடித்தவர். எது நடந்தாலும் சோக்கை இழு என்பார். எஞ்சின் முழுக்க நண்டுக் குஞ்சு ஓடினாலும் சோக்கை இழுத்தால் சரியாகிவிடும் என்பது இவர் நம்பிக்கை.

அப்புறம் பெட்ரோல்காரர். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, காதை வைத்துக் கேட்டு, "பெட்ரோல் ஃபுல்லா கீதுபா" என்று சந்தோஷமாக அறிவித்தார். நிரம்பியிருந்தது பெட்ரோல் இல்லை என்பதை மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், டேங்கின் அடியில்தான் நிற்கும், முதலில் கார்ப்ரேட்டருக்குப் போவதும் அதுதான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் "செகண்டு போட்டுத் தள்ளு" கோஷ்டி பின்னால் வந்து கைவைத்துவிட்டது. இந்தக் கோஷ்டியை நான் மிகவும் மதிக்கிறேன். இவர்களுக்குக் கூலி வேண்டாம், நன்றி வேண்டாம், காரணமே வேண்டாம். ஒரு வண்டி நின்றால் போதும், தள்ளுவார்கள். மணலில் தள்ளினார்கள். நான் முன்னால் நின்று எதிர்ப்பக்கம் தள்ளினேன். தூரத்திலிருந்து பார்த்த ஒரு ஆயா, வண்டிக்காக இரண்டு பங்காளிகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து விலக்கிவிட வந்தாள். விஷயம் புரிந்ததும் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் கேட்டாள்: "ஏம்பா, ஒருவாட்டி ஒதைச்சுத்தான் பாரேன், இன்னா கொறஞ்சுபூடும்?"

என்ன குறைந்துபோகும் என்று சொல்கிறேன் ஆயா. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கிற காற்று அமுங்கும். அமுங்கத்தான் அது இருக்கிறது. தண்ணீர் அமுங்காது. சிலிண்டர் தண்ணீரால் நிரம்பியிருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால், விட்டுக்கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா? தண்ணீர் விட்டுக்கொடுக்காது, பிஸ்டன் விட்டுக்கொடுக்காது, நடுவில் இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காலால் உதைக்கும்போது தப்பினாலும், எஞ்சின் தப்பித்தவறிப் பற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்து, ஏர் ஃபில்டர் பெட்டியில் மிச்சமிருக்கிற தண்ணீரை ஒரு வாய் இழுத்தால் போதும். அப்புறம் ராடு, கிராங்க், பேரிங், கூலி என்று மெக்கானிக் சீட்டு எழுதுவார். ஆயா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "அப்போ மெதுவா ஒதை" என்றாள்.

இது லைட்ஹவுஸ் குப்பத்து வியாதி மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியபோதும், வடிந்த தண்ணீரோடு தெருத்தெருவாகக் கேட்ட சத்தம் கிக்கர் சத்தம்தான். படித்தவர்கள் காரில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2024 அக்டோபரில் மழை வரப்போகிறது என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தங்களைத் தாங்களே அறிந்தவர்கள் அவர்கள். தண்ணீர் வந்தால் காரைக் காப்பாற்றிவிடலாம், தங்கள் கையிலிருந்து காப்பாற்ற முடியாது என்று தெரிந்துதான் மேலே ஏற்றினார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இந்த வியாதி தெரியும். சாதாரண வண்டி பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் போன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அதனால் எஞ்சின் போனால், அது பின்விளைவு, அதற்குக் கிடையாது. எஞ்சினுக்கென்று தனியாகக் காசு கட்டியிருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், 'சும்மா ஒருவாட்டி'யை மனதில் வைத்து ஒரு ஷரத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அதாவது என் வண்டி விழுந்ததால் ஏரிக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஏரி நஷ்டஈடு கேட்கலாம். எனக்கு ஒன்றும் இல்லை.

ஏரி என்றதும் நினைவுக்கு வருகிறது. இறக்கினதுதான் இறக்கினான், மழைக்காலத்தில் இறக்கியிருக்கக் கூடாதா? ஆரணி ஆற்றிலும் காளங்கி ஆற்றிலும் வெள்ளம் வந்து கலக்கும்போது இந்த ஏரித் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். கோடையில் முகத்துவாரம் மண்மேடிட்டு, வெயிலில் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு ஏறுகிற நாட்களும் உண்டு. இந்தியாவிலேயே சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, வருஷம் முழுக்க விழுவதற்கு இடம் இருக்கிறது; இவன் மே மாசத்தைப் பார்த்து இறக்கினான். இறால் பிடிக்கக்கூட இந்த ஏரியில் முறை உண்டு. பாடு என்று பெயர், இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று பெரியவர்கள் வகுத்து வைத்தது. "வண்டி யார் பாட்டுல விழுந்துச்சோ அவனுக்குத்தான் சொந்தம்" என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். சிரித்தார்கள். ஏலக்காரர் சிரிக்காமல் ஒரு விலை சொன்னார். ஒரு கூடை நண்டைவிடக் குறைச்சல்.

அந்தக் கூட்டத்திலேயே உருப்படியாகப் பேசியவர் ஒரே ஒருத்தர். கடலுக்குப் போய் வயசானவர், வலை பின்னிக்கொண்டிருந்தார். "உப்புத் தண்ணில முழுகின இன்ஜினைக் காத்துல காய வைக்காதே. பிரிக்கிற வரைக்கும் நல்ல தண்ணில முக்கி வை" என்றார். போட் இன்ஜின் கவிழ்ந்தால் இவர்கள் செய்வது அதுதான். தண்ணீருக்குள் இருக்கும்வரை காற்று அதிகம் படாது. வெளியே எடுத்ததும் உப்பும் காற்றும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணெதிரே துரு ஏறும். சாயங்காலத்துக்குள் பிளக் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் கட்டிவிடும். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவரிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. மூழ்கி எடுத்த வண்டியை மறுபடி மூழ்கடிக்கச் சொல்கிறாரே என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீர் நாலு குடம் கேட்டேன். "குடிக்கவா, வண்டிக்கா?" என்றாள் மனைவி. தம்பி எங்கே என்று கேட்டேன். தூங்குகிறான், பாவம், பயந்துபோயிருக்கிறான் என்றாள்.

சரி, இரண்டாவது வேலை. பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துவிடும். இதைச் செய்துகொண்டிருக்கும்போதே ஒருத்தன் சாவியைத் திருப்பி, "ஹாரன் அடிக்குதா பாப்போம்" என்றான். அடித்தது. கைதட்டினார்கள்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது. இங்கே ஒரு அதிசயம் நடந்தது, இதை எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும். பிளக்கைக் கழற்றியபிறகு கிக்கரை உதைக்கலாம். உதைக்கத்தான் வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், எதுவும் வளையாது, நிறைய உதைக்க வேண்டும். நான் நிமிர்ந்து, "இப்போ ஒதைங்கப்பா" என்றேன். ஒருத்தரும் வரவில்லை. "பிளக் இல்லாம எப்படிப்பா ஸ்டார்ட் ஆவும்?" என்றார் லுங்கிக்காரர். சோக்குக்காரருக்கு வேலை இருந்தது. தள்ளுகிற கோஷ்டி டீக்கடைக்குப் போய்விட்டது. மதியம் முழுக்க உதைக்கத் துடித்த ஊர், உதைக்கலாம் என்றதும் கலைந்துபோயிற்று. தனியாக நின்று உதைத்தேன். ஆயா மட்டும் கூடையோடு நின்று பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல, ஒதைன்னு" என்றாள்.

எங்களுக்கு எதிர்க்கரையில்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். 2023 அக்டோபர் 21 காலை ககன்யானுக்கான சோதனை ராக்கெட்டைக் கிளப்பப் போனார்கள். 5 வினாடி பாக்கி இருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. அங்கே யாரும் சும்மா ஒருவாட்டி அழுத்திப் பாருங்கள் என்று சொல்லவில்லை. என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிபண்ணி, 10 மணிக்கு அனுப்பினார்கள். மேலே போன விண்கலம் பாராசூட்டில் இறங்கிக் கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கடலில் விழுந்தது, தலைகீழாக மிதந்தது. கடற்படை முக்குளிப்பவர்கள் போய்க் கட்டி இழுத்து, கப்பலில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அதே கடல், அதே உப்பு. எனக்கு ஒரே ஒரு சந்தோஷம், அது எங்கள் குப்பத்துக் கரையில் ஒதுங்கவில்லை. ஒதுங்கியிருந்தால் லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார்கள்.

எஞ்சின் ஆயிலை இறக்கினேன். பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கிக் கொட்டி, மறுபடி ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் டேங்கைக் கழுவ வேண்டும், கார்ப்ரேட்டரைப் பிரிக்க வேண்டும், சக்கரத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும், பிரேக் ஷூவில் மணல் இருக்கும், சைலன்சருக்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் வரிசையாகச் சொல்வதாகத்தான் ஆரம்பித்தேன். பொன்னேரியில் ஒரு மெக்கானிக் அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார்.

வண்டி இப்போது வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அந்தப் பக்கம் வருகிறவர்கள் தார்ப்பாயைத் தூக்க வேண்டாம். சாவி என் இடுப்பில் இருக்கிறது. கிக்கரையும் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்; மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள்.