மானியம் வந்தது, ஆய்வாளர் வந்தாரா?

கேள்வி: கடைக்காரருக்கு மானியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடையைச் சோதிக்கிற துறைக்கே மானியமா?
(வாணியம்பாடி வாசகர்)

சோதிக்கவும் செலவாகிறதே! உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் டெல்லியில் எழுதியது. ஆனால் உமராபாத்திலும் பேரணாம்பட்டிலும் கடைப்படி ஏறுகிறவர் மாநில அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்குப் பின்னால் ஆய்வகம், நடமாடும் சோதனை வண்டி, பயிற்சி எல்லாம் வேண்டும். இவற்றுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வழியாக மத்திய நிதி வருகிறது. மீதியை மாநிலம் போட வேண்டும்.

கேள்வி: அபராதம் வசூலிக்கிறார்களே, அதை வைத்தே துறையை நடத்தக் கூடாதா?
(ஆம்பூர் பஜாரில் கடை வைத்திருப்பவர்)

கூடவே கூடாது. அபராதத்தில் சம்பளம் என்றால், சுத்தமான கடை துறைக்கு நஷ்டம் என்றாகிவிடும். அதனால்தான் மாதிரி எடுப்பவர் வேறு, தீர்ப்புச் சொல்பவர் வேறு. சுகாதாரமில்லாமல் சமைத்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதை விதிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். பணம் போவது அரசுக் கருவூலத்துக்கு. பதிவுக் கட்டணமும் கைகொடுக்காது. 2011-ல் வகுத்த விதியில் சிறு கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த நூறில் அலுவலர் ஒருமுறை வண்டியில் வந்து போகலாம். ஒரு மாதிரியைக்கூடச் சோதிக்க முடியாது. ஆகவே துறைக்கு அரசுதான் பணம் தர வேண்டும், அதுவும் ஆண்டு தவறாமல்.

கேள்வி: ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழி: எந்தப் பிரியாணி பாதுகாப்பானது?
(குடியாத்தம் வாசகர்)

சூடாக இருப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரிசியோடு ஒட்டிவரும் 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. தம் உடைத்த தேக்சா அடுப்பை விட்டு இறங்கி, மதியம் முழுக்க வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடான உணவை 60 டிகிரிக்கு மேலே வைக்கச் சொல்வது இதனால்தான். தணல் மேல் தேக்சாவை விட்டுவைத்து, கேட்கக் கேட்கப் பக்கத்திலிருந்து அள்ளி, உடனே மூடிவிடுகிற பழைய கைகளுக்கு இந்தக் கணக்கு பாடம் படிக்காமலே தெரியும். எவர்சில்வர் தட்டில் மலையாகக் கொட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டுக் காட்டும் புதுக்கடைகளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

கேள்வி: மாதிரி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்புறம் சத்தமே இல்லையே?
(மேல்விஷாரம் வாசகர்)

மாதிரி எடுப்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். எடுத்ததை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டி, சீட்டு ஒட்டி, அரக்கு வைத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கினார் அலுவலர். வரிசையில் நின்றவர்கள் சாப்பாட்டை மறந்து அரக்கு உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கில் ஒன்று பகுப்பாய்வாளருக்கு. இரண்டு மாவட்ட நியமன அலுவலரின் பொறுப்பில் இருக்கும். கடைக்காரர் விரும்பிக் கேட்டால், நான்காவது பங்கு அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம்.

நெடுங்காலமாக இயங்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் சென்னை, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் இருக்கின்றன. பாலாற்றங்கரையில் ஒன்றும் இல்லை. 2017-ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, நாடு முழுக்க மாநில ஆய்வகங்கள் 72-ல் 65-க்கு என்.ஏ.பி.எல். எனும் தேசிய ஆய்வகத் தர வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று சொன்னது. அங்கீகாரம் இல்லாத கூடத்தின் அறிக்கை வழக்கில் நிற்காது. அதற்குப் பிறகு ஆய்வகங்களுக்கு நிதி வந்தது, கருவிகளும் வந்தன, நிலைமை மேம்பட்டது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கருவி வாங்க ஒருமுறை பணம் போதும். அதை இயக்கும் வேதியியலாளருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். மானியம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை.

கேள்வி: உணவுப் பாதுகாப்பில் தமிழ்நாடு முதலிடம் என்று படித்தேனே?
(காட்பாடி வாசகர்)

சரியாகத்தான் படித்தீர்கள். பெரிய மாநிலங்களில் 2021-22-ல் முதலிடம், அடுத்த ஆண்டு மூன்றாமிடம், 2023-24-ல் இரண்டாமிடம். உழைத்தவர்களுக்கு என் வணக்கம். அதே 2021 செப்டம்பரில், வேலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஆரணியில், ஓட்டல் பிரியாணியும் தந்தூரியும் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

கேள்வி: பஞ்சுமிட்டாயை எதற்குத் தடை செய்தார்கள்? பாவம், பிள்ளைகள்!
(ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய்)

பிள்ளைகளுக்காகத்தான். அந்த ரோஜா நிறத்தில் ரோடமின்-பி இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடை விதித்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் ஏற்றுகிற சாயம். டேனரியில் சாயப்பிரிவு வேலை முடித்து வருகிறவர் நாலுமுறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் உறவுக்காரச் சாயத்தைக் குழந்தை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு அழகான அந்த நிறத்தைக் காட்டிக்கொடுக்க ஆய்வகத்தால்தான் முடிந்தது.

கேள்வி: ஒரு கோடியில் 'உணவு வீதி' என்கிறார்களே, அது நமக்கு உதவுமா?
(வேலூர் வாசகர்)

உதவும், இடம் சரியாக அமைந்தால். நாடு முழுக்க 100 உணவு வீதிகள், ஒவ்வொன்றுக்கும் 1 கோடி ரூபாய் என்று 2023-ல் அறிவித்தார்கள். நம்மைப் போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40. குடிநீர், கைகழுவும் இடம், கழிப்பறை, தரை, விளக்கு, கழிவு அகற்றல் எல்லாம் அதில் அடங்கும்.

என்னைக் கேட்டால், முதலில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளைப் பாருங்கள் என்பேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கும் நோயாளிகள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். வாசலில் வங்காள எழுத்தில் பலகை, உள்ளே மீன்குழம்பும் சோறும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்கள் உயிரைக் கேட்டுவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?
(ராணிப்பேட்டை வாசகர்)

அமெரிக்காவில் ஓட்டல்களையும் மளிகைக் கடைகளையும் பார்த்துக்கொள்வது மாநில, உள்ளூர், பழங்குடி அமைப்புகள், 3,000-க்கு மேல். அவற்றுக்காக எஃப்.டி.ஏ. எனும் மத்திய உணவு, மருந்து நிர்வாகம் ஒன்பது தர அளவுகோல்களை வைத்திருக்கிறது, கட்டாயமில்லை. அதன் மானியத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. புதிதாகச் சேரும் அமைப்பு தன்னையே அளந்து பார்க்கவும் பணம் தருகிறார்கள்: எத்தனை ஆய்வாளர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், பயிற்சி போதுமா என்று. ஓட்டை எங்கே என்று தெரிந்தபின் அடைப்பதற்கான பணம் வருகிறது.

கேள்வி: கட்டிக் கொடுத்தால் நடத்திக்கொள்ள மாட்டார்களா? எதற்கு ஆண்டுதோறும் பணம்?
(ஆம்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, உங்கள் ஊருக்கு இது தெரிந்த கதை. தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசு மானியத்தோடு எழுந்தன. தொட்டி கட்டியதோடு வேலை முடிந்ததா? கரண்டுக்கும் ரசாயனத்துக்கும் சேற்றை அகற்றவும் தினம் தினம் பணம் வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் ஒரு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியிலும் அதே பாலாறு உச்ச நீதிமன்றத்தின் முன்னால் நின்றது. உணவுத் துறைக்கும் நடத்துகிற செலவை ஆண்டுதோறும் ஒதுக்கியாக வேண்டும்.

கேள்வி: கெட்ட சாப்பாடு கிடைத்தால் நான் என்ன செய்ய?
(வேலூர், கல்லூரி மாணவி)

மாநிலத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடைப் பெயர், தேதி, நேரம், சாப்பிட்ட பொருளின் படம் எல்லாம் அனுப்பும்மா. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. 2022 ஜனவரி முதல் பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும் என்பது விதி. எண் இல்லையென்றால் அதையும் ஒரு வரி சேர்த்து எழுது.