மொட்டை மாடியில் நாலு யானை

கோவைக்குக் கிழக்கே, கரிசல் காட்டை மனை பிரித்து விற்ற இடத்தில் ஒரு வீடு. வாசலில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே, தரைக்கு மேலேயே நிற்கும் நீச்சல் தொட்டி: 15 அடி அகலம், 4 அடி உயரம், இரும்புக் குழாய்ச் சட்டம். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரிக்கிறது. விளம்பரப் படங்களில் தரை எப்போதும் மட்டமாகவே இருக்கும்.

“அரை மணி நேரத்துல மாட்டிரலாமாம் மேஸ்திரி. மாடியில வச்சிட்டா முடிஞ்சுது” என்றார் வீட்டுக்காரர். மென்பொருள் மேலாளர், ஒரு காணொளி பார்த்தால் ஒரு தொழில் கைவந்ததாகக் கணக்கு.

மேஸ்திரி பெட்டியைப் பார்க்கவில்லை, மாடியை அண்ணாந்து பார்த்தார். “எத்தனை லிட்டர் புடிக்குமுங்க?”

“17,000.”

“அப்ப 17 டன்னுங்க. நாலு யானையை மொட்டை மாடியில கட்டிப்போட்ட மாதிரி.”

மிகையில்லை. ஆட்கள் ஏறிப்போகும் மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மூன்றரை அடித் தண்ணீரோ அதே இடத்தில் ஒரு டன்னுக்கு மேல் உட்காரும்.

தொட்டி தோட்டத்துக்கு இறங்கியது.

“நல்லா மெத்துன்னு புல்லு இருக்கு. இது மேலயே விரிச்சிரலாம்.”

“அது கோரைங்க. காட்டுல மல்ச்சிங் சீட்டையே பொத்துக்கிட்டு வருது, உங்க தொட்டிய விடுமா? கிழங்கோட தோண்டி எடுக்கோணும்.”

டியூப் மட்டம் பிடித்துப் பார்த்ததில் கிழக்குப் பக்கம் மூன்று அங்குலம் தாழ்வு. மூன்று அங்குலம் ஒரு விஷயமா என்றார் மேலாளர். விஷயம்தான். பக்கச்சுவரைத் தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மேற்கே 42 அங்குலம், கிழக்கே 45 என்றால் கிழக்குச் சுவருக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் உதை.

“அப்பக் கிழக்க நாலு சட்டி மண்ணைக் கொட்டிருங்க.”

“கொட்டுன மண்ணு அமுங்குமுங்க. மேட்டை வெட்டித்தான் மட்டம் பண்ணோணும். அதுவும் இது கரிசல். நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். ஒரு அடி எடுத்துப்போட்டுட்டு கிராவல் ரொப்பிரலாம்.”

“ஏனுங்க மேஸ்திரி, ரொப்பக்கூடாதுன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க?” மேலாளருக்கு ஒரு வெற்றி கிடைத்த மகிழ்ச்சி.

“கிராவல் கரிசலாட்டம் உப்பாதுங்க. அதையும் ஆறங்குலத்துக்கு ஒருக்கா தண்ணி விட்டு, திம்சு போட்டு இறுக்கோணும். மேல ரெண்டங்குலம் கிரஷர் டஸ்ட். வெறும் மணலைப் போட்டா ஐப்பசி மழையில கரைஞ்சு ஓடிரும். ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு கான்கிரீட் பலகை, தரையோட தரையா.”

வடிகாலுக்குத்தான் பெரிய சண்டை. தண்ணீர் தானாக ரோட்டுக்குப் போய்விடும் என்பது வீட்டுக்காரர் கட்சி. திண்டைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, ஜியோ துணி விரித்து, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயும் முக்கால் ஜல்லியும் போட்டு, 100 அடிக்கு ஓரடி வாட்டம் கொடுக்க வேண்டும் என்பது மேஸ்திரி கட்சி. வெளியே பெய்கிற மழை திண்டுக்கடியில் புகுந்தால் அடித்த திம்செல்லாம் வீண்.

“குழாயை மழைநீர் சேமிப்புக் குழியில விட்டுக்கலாம். தொட்டியைக் காலி பண்ற தண்ணியை மட்டும் அதுல விட்டுராதீங்க, குளோரின். மருந்து போடாம நாலஞ்சு நாள் வெயில்ல கெடக்கட்டும், அப்புறம் தென்னைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க.”

மேஸ்திரி சொன்ன மதிப்பீடு தொட்டி விலையைத் தாண்டியது. “தொட்டியைவிட மண்ணுக்கு ஜாஸ்தியா?” என்று கேட்ட வீட்டுக்காரர், பெட்டியைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொண்டே மேஸ்திரி கேட்டார்: “ரொப்பறதுக்குத் தண்ணி?”

“டேங்கர் சொல்லியாச்சு. 12,000 லிட்டர் லாரி, ரெண்டு நடை.”

“எந்தப் பக்கமா உள்ள வருமுங்க?”

வீட்டுக்காரர் காட்டிய திசையில்தான் குழாய்க்கான கோடு ஓடியது. மேஸ்திரி அதைக் காலால் அழித்துவிட்டு, சுண்ணாம்புச் சட்டியோடு மதிலின் மறுகோடிக்கு நடந்தார்.